வொலியூம் வேலை செய்யுதா? அப்ப ரிமோட்டை வீசாதீங்க!



கொஞ்சம் காரமாத்தான் எழுதப்போறேன். யாரும் கோவிக்க வேணாம்.

நம்ம வீடுகள்ல ரீவி ரிமோட்டில் ரெண்டு பட்டன் வேலை செய்யாட்டி என்ன நடக்குது? முதல்ல கையில தட்டுறது. பிறகு பெட்டரியைக் கடிச்சுப் பார்க்கிறது. பிறகு கடைக்குக் கொண்டுபோறது. கடைக்காரர் திறந்தும் பார்க்காம, "ஐசி போயிட்டு சேர், புதுசு எடுங்க" என்கிறார். நாமளும் சல்லியைக் குடுத்துட்டு வாறோம். ஏன், எப்படி என்று ஒரு கேள்வி கேட்கிறதில்லை.

கேளுங்க. எல்லாப் பட்டனுக்கும் சிக்னல் அனுப்புறது அதே ஒரு ஐசிதான். வொலியூம் வேலை செய்யுது, சனல் மாத்த ஏலாது என்றால் ஐசி, பெட்டரி, முன்னால இருக்கிற சின்ன பல்ப், ரீவியின் கண் எல்லாம் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கு. பழுது அந்தப் பட்டனுக்குக் கீழேதான்.

ரப்பர் பட்டனின் அடியில கறுப்பாக ஒரு காபன் பொட்டு இருக்கும். அமுக்கும்போது அது போர்டில் பட்டு மின் ஓடும். விரல் எண்ணெயும் தூசியும் படிஞ்சால், இல்லாட்டி பொட்டுத் தேஞ்சால், மின் ஓடாது. அதிகம் அமுக்குற பட்டன் முதல்ல சாகிறது இதனாலதான். பட்டன்களை நிரை, நிரல் என்று பிணைச்சிருப்பதால, ஒரு வரிசை முழுக்கச் செத்தால் போர்டில் ஒரு கோடு அறுந்திருக்கலாம். ஒரு பட்டன் அமுங்கியபடி இறுகியிருந்தால் மற்றப் பட்டன்களும் குழம்பும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. புது பெட்டரி போடுங்க. உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தால் வினாகிரி தொட்ட பஞ்சால துடைச்சுக் காய விடுங்க.
2. போனின் செல்பி கெமராவுக்கு முன்னால ரிமோட்டைப் பிடிச்சு ஒவ்வொரு பட்டனாக அமுக்குங்க. ஊதா வெளிச்சம் மின்னினால் சிக்னல் போகுது.
3. மின்னாத பட்டன் இருந்தால் ஸ்குரூவைக் கழற்றித் திறங்க. ரப்பரைச் சவர்க்காரத் தண்ணியில கழுவி நல்லாக் காய விடுங்க. போர்டைப் பாமசி ஸ்பிரிட்டால மெதுவாத் துடைங்க. சுரண்ட வேணாம்.
4. பொட்டு தேஞ்சிருந்தால் சின்னதாக ஒரு அலுமினியத் தாள் துண்டை அதில் ஒட்டுங்க.

ஸ்மார்ட் ரீவி என்றால் ஒரு விஷயம். பல ரிமோட்டுகள்ல பவர் பட்டன் மட்டும் ஒளியால வேலை செய்யும், மற்றது புளூடூத். இணைப்பு விட்டுப்போனால் பவர் வேலை செய்யும், மற்றது செய்யாது. திரும்ப இணைச்சால் சரி.

"சின்ன சாமான்தானே சேர், இதுக்கு ஏன் மினக்கெடணும்?" என்று கேட்பீங்க. 2022 இல் டொலர் இல்லாம பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில நின்றது நாமதான். வீசுற ஒவ்வொரு ரிமோட்டுக்கும் பதிலாக இன்னொன்று டொலர் குடுத்துத்தான் வருது. வீசினது எங்க போகுது? பெட்டரியோட சேர்த்துக் குப்பையில எரிக்கிறோம். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானைகள் பிளாஸ்டிக் தின்று செத்த படங்களை நாமளும் பார்த்தோம்தானே?

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கு. நம்ம புள்ளைகள் பதினோராம் தரத்தில் செங்கீழ்க் கதிரைப் படிக்குதுகள். ஒளிகாலும் இருவாயிக்குக் குறியீடு கீறுதுகள். ரியூஷனுக்கு மாசாமாசம் சல்லி கட்டுறோம். அதே சாமான் வீட்டு மேசையில கிடக்கு, அதைத் தொட்டால் "உடைச்சுப்போடாதே" என்று உம்மா கையில அடிக்கிறா. மகனுக்காவது சில நேரம் அனுமதி கிடைக்கும், மகளுக்கு அதுவும் இல்லை. ஏற்கெனவே பழுதான ரிமோட்டை இனி என்னத்தை உடைக்கிறது?

நேர்மையாகத் திருத்துற கைகாரர்கள் நம்ம ஊர்லயும் இருக்காங்க. அவங்களுக்குக் கூலி குடுங்க, மனசாரக் குடுங்க. திறக்காமலே தீர்ப்புச் சொல்றவருக்குக் குடுக்காதீங்க.

இந்த லீவு நாளில் பழுதான ரிமோட்டையும் ஒரு ஸ்குரூ ட்ரைவரையும் மகளின் கையில குடுத்துட்டுப் பக்கத்தில இருங்க. வட்டப் பெட்டரி போட்ட ரிமோட் என்றால் அந்தப் பெட்டரியைச் சின்னப் புள்ளைகளுக்கு எட்டாத இடத்தில வைங்க, விழுங்கினால் உயிராபத்து.

திருந்தினால் கொமென்டில் சொல்லுங்க. திருந்தாட்டியும் சொல்லுங்க, எது மின்னுது, எது மின்னுதில்லை என்று சேர்ந்து பார்ப்போம்.