‘பிறகு’ எப்போது?

“முதலில் அபிவிருத்தி, அதிகாரப் பகிர்வு பிறகு” என்கிறார் ஒரு கட்டுரையாளர். இலங்கை இதைச் செய்து பார்த்துவிட்டது. போருக்குப் பின் வடக்கில் தெருக்கள் வந்தன; 2014-இல் யாழ்ப்பாணத்துக்கு ரயிலும் திரும்பியது. நல்லது, வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் எழுத்தில் தந்த காணி, பொலிஸ் அதிகாரங்கள் மாகாணங்களின் கைக்கு வரவேயில்லை. தட்டிக்கேட்க ஆளில்லாத கொழும்பு, கடன் வாங்கி மத்தளையில் விமான நிலையம் கட்டியது. விமானங்கள் சொற்பமே வந்தன. 2022-இல் நாடே கடனைக் கட்ட முடியாமல் நின்றது. அந்த ஆண்டு பெற்றோல் வரிசையில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், மலையகத்தார் எல்லோரும்தான் வாடினார்கள். குவிந்த அதிகாரம் தமிழரை மட்டும் வதைக்கவில்லை.

வடக்கு மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. முதலில் அந்தச் சபைக்கு அடுத்த தேர்தலை நடத்தச் சொல்லி எழுதுங்கள், ஐயா.