யாருக்குச் சமூகம், யாருக்குத் தனிமை?

மேலை நாட்டார் தனிமனிதரை வழிபடுகின்றனர். நாமோ கூடி வாழப் பிறந்தவர்கள். நம் மேடைகளிலும் மறையுரைகளிலும் ஆண்டாண்டு காலமாக ஒலித்துவரும் இந்த வாய்பாட்டை வாசகர்கள் நன்கறிவர். முதியோர் இல்லங்கள் பெருகினால் அது மேற்கின் நோய். மகன் தனிக்குடித்தனம் போனால் அதுவும் மேற்கின் நோய். அன்பியக் கூட்டத்துக்கு ஆள் வராவிட்டாலும் அதே மருத்துவர், அதே மருந்துச் சீட்டு. இவ்வாய்பாடு பொய் என்பதே என் வாதம். அதனோடு நில்லாமல், சிலருக்கு மட்டும் பயன்படும் பொய் என்றும் சொல்லத் துணிகிறேன். சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நொய்யலின் இரு மருங்கிலும் பரந்து கிடக்கும் பனியன் தொழிலே போதும்.

வாய்பாட்டுக்கு அறிஞர்களின் முத்திரையும் உண்டு என்பதை மறைக்கலாகாது. 1949ஆம் ஆண்டு தமிழகம் வந்து, மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் நடுவில் தங்கி ஆய்வு செய்தவர் பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துமோன். அவர் 1966இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூல், இந்தியச் சமூகத்தில் முழுமையே முதன்மை, தனிமனிதர் ஒரு மதிப்பீடாக உருப்பெறுவது மேற்கில்தான் என்று உலகுக்கு அறிவித்தது. பின்னர் 1980இல் டச்சு அறிஞர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட், ஐ.பி.எம். நிறுவன ஊழியர்களிடம் திரட்டிய விடைகளைக் கொண்டு நாடுகளுக்கு மதிப்பெண் இட்டார். தனிமனித மனப்பாங்கில் அமெரிக்காவுக்கு 91, இந்தியாவுக்கு 48. நூற்றுக்கு நாற்பத்தெட்டு! கூடி வாழப் பிறந்த குலத்துக்கு இது சற்று மிகுதியான மதிப்பெண் அன்றோ? ஒரு கம்பெனியின் ஊழியரை வைத்து ஒரு நாட்டையே அளக்கும் முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆயினும் நம் மேடைப் பேச்சாளர்கள் அந்த எண்ணைப் பார்த்திருக்கலாம்.

இனித் திருப்பூருக்கு வருவோம். இந்நகரில் அதிகம் புழங்கும் கதை, வெறுங்கையோடு வந்து தன் உழைப்பால் உயர்ந்தவரின் கதை. ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவர் இன்று ஏற்றுமதியாளர். இக்கதை முழுப் பொய்யன்று. தொழிலாளியாக இருந்து முதலாளியானோர் இங்கே மெய்யாகவே பலர். ஷரத் சாரி என்னும் ஆய்வாளர் அவர்களைப் பற்றி 2004இல் ஒரு நூலே எழுதினார். ‘உழைப்பு’ என்ற ஒரே சொல்லால் அவர்கள் தம் வரலாறு முழுவதையும் விளக்குவதை அவர் குறித்துக்கொண்டார். ஆனால் அவ்வரலாற்றுக்குள் நுழைந்து பார்த்தால் மாமன், மச்சான், பங்காளி, பெண் கொடுத்த வீடு, கடன் கொடுத்த ஊர்க்காரர், பங்குதாரர் என ஒரு பெருங்கூட்டமே நிற்கிறது. அதே 2004இல் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது. இவர்களுள் முன்னவர் 2019இல் நோபல் பரிசு பெற்றவர். இப்பகுதியின் வேளாண் குடியான கவுண்டர் சமூகத்தவர், வெளியாரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு மூலதனத்தோடு தொழிலில் இறங்கினர் என்பது அவர்கள் கண்டது. வெளியாரோ குறைந்த முதலோடு தொடங்கியும் ஏற்றுமதியில் விரைவாக வளர்ந்து முந்தினர். எனவே பணம் போன வழியைத் திறமை மட்டும் தீர்மானிக்கவில்லை. உறவும் சேர்ந்தே தீர்மானித்தது. ஒருவரை ஒருவர் தாங்கிய அந்த உறவை நான் பழிக்கவில்லை, அது நல்லதே. தாங்கிய தோள்களை மறந்து ‘நானே என்னை ஆக்கினேன்’ என்று சொல்வதைத்தான் பழிக்கிறேன்.

அந்தத் தோள்கள் ஆற்றங்கரை வரை நீளவில்லை. ஒவ்வொரு சாயப்பட்டறையும் தன் செலவை மிச்சம் பிடித்தது. எல்லாருக்கும் பொதுவான நொய்யல் அச்செலவை ஏற்றது. பாசனத்துக்கெனக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தொட்டியாயிற்று. கீழ்மடை உழவர்கள் நீதிமன்றம் ஏறினர். தீர்ப்புகள் மதிக்கப்படாத நிலையில், 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அதன் பிறகுதான், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மெய்யாக இயங்கத் தொடங்கின.

முதலாளிக்குச் சமூகம் உண்டு, தொழிலாளிக்கு? 1984இல் இந்நகரின் பனியன் தொழிலாளர் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். நான்கு மாதங்களுக்கு மேல் உலையேற்ற வழியின்றி ஒரு நகரமே ஒன்றாக நின்றது. கூடி வாழும் பண்பாட்டைப் போற்றுவோர் அந்த 127 நாட்களைத் தம் எடுத்துக்காட்டுகளில் சேர்த்ததை நான் கேட்டதில்லை. பிறகு வேலை சிறு சிறு பட்டறைகளாகச் சிதறியது. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், கட்டிங் ஓரிடம், தையல் ஓரிடம், காஜா பட்டன் ஓரிடம். கூலி பீஸுக்கு இவ்வளவு என்றாயிற்று. ஆளெடுப்பது காண்ட்ராக்டர் கைக்குப் போயிற்று. பீஸ் ரேட் என்பதைக் கணக்கு முறை என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அது ஒரு மனித இயல். பக்கத்து மெஷினில் இருப்பவர் தோழர் அல்லர், போட்டியாளர் என்று அது நாள்தோறும் கற்பிக்கிறது. அவருக்குக் காய்ச்சல் என்றால், கட்டை அவிழ்த்து அவர் பங்கையும் தைத்துவிடலாம் என்று அது காதில் ஓதுகிறது. ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் லைன் வீட்டுக்குத் திரும்பும் ஒருவர் சங்கத்துக்கும் வரமாட்டார், அன்பியத்துக்கும் வரமாட்டார். அவரைப் பார்த்துத்தான் ‘மேற்கத்திய தனிமனித மனப்பான்மை’ என்கிறோம்.

பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர் நிலை இன்னும் தனிமை. 2023 மார்ச்சில், வடமாநிலத்தார் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது திருப்பூர்த் தொழிலாளர் பலர் நடுங்கிப்போயினர். ‘வதந்தியை நம்பாதீர்’ என்று சொல்வது எளிது. நம்பாமல் இருக்க, பக்கத்து வீட்டில் ஒருவரையேனும் பெயர் சொல்லி அறிந்திருக்க வேண்டும்.

வாய்பாட்டின் கொடுமை முழுதும் வெளிப்படுவது வேறிடத்தில். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்றொன்று நடந்தது. ‘திருமகள் திருமணத் திட்டம்’ என்றும் பெயரிட்டார்கள். கேம்ப் கூலி என்பது மக்கள் வழக்கு. வளரிளம் பெண்கள் மூன்றாண்டு ஆலை விடுதியில் தங்கி வேலை செய்ய வேண்டும். முடிவில் முப்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரை மொத்தமாகக் கிடைக்கும், கல்யாணச் செலவுக்கு. இடையில் உடல்நலம் கெட்டு வெளியேறியோர் பலருக்கு அத்தொகை கிடைக்கவில்லை. வெளியே போகக் காவல், வீட்டாரோடு பேசக் கட்டுப்பாடு. அங்கே போனவர்களில் பெரும்பகுதியினர் ஏழைத் தலித் குடும்பத்துப் பிள்ளைகள். 2011இல் வெளிவந்த ஆய்வறிக்கைகள் இதை உலகறியச் செய்தன. அந்தப் பெயரைச் சொல்ல ஆலைகள் இப்போது கூசுகின்றன, விடுதிமுறை மறைந்துவிடவில்லை.

இத்திட்டம் எந்த மொழியில் பேசியது என்பதைக் கவனியுங்கள். தனிமனித உரிமையின் மொழியில் அன்று. குடும்பம், மங்கலம், பெண்ணின் பாதுகாப்பு, பெற்றோரின் சுமை ஆகிய நம் சமூகத்தின் தூய சொற்களில்தான் பேசியது. வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் 1961 முதல் சட்டப்படி குற்றம். அக்குற்றத்துக்கான தொகையை ஒரு பெண்பிள்ளை தன் மூன்றாண்டு வாழ்வைக் கொடுத்துச் சேர்க்க, அதற்குச் சுமங்கலி என்று பெயர் சூட்டினோம். அவளுக்காகத் தகப்பன் பேசினார், ஊர்ப் புரோக்கர் பேசினார், ஆலை பேசியது. அவள் மட்டும் பேசவில்லை. தன் கூலியைத் தன் கையால் வாங்குவது, பிடிக்காவிட்டால் வெளியேறுவது, வேண்டாம் என்று வாய்திறந்து சொல்வது ஆகியவையே அவளுக்குத் தேவைப்பட்டவை. இவற்றைத்தான் நாம் மேற்கின் நோய் என்று பெயரிட்டு ஒதுக்குகிறோம். ஆக, துணை தேவைப்பட்ட தையல்காரரைத் தனியாக விட்டோம். தன்னுரிமை தேவைப்பட்ட பெண்ணைச் சமூகத்தின் பெயரால் கட்டிப்போட்டோம். முதலாளிக்கு மட்டும் இரண்டும் கிடைத்தன: முதலுக்குச் சமூகம், புகழுக்குத் தனிமனிதர்.

‘சாமி, அப்படியானால் எல்லாரும் அவரவர் வழியே போகட்டும் என்கிறீர்களா?’ என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்த இளம் தலித் பெண் கொலையுண்டார்; மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். அதன்பின் நிகழ்ந்தது நம் வாய்பாட்டைத் தலைகீழாக்கியது. தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆசியாவிலும் அமெரிக்காவிலும் உள்ள தொழிலாளர் அமைப்புகளோடு கைகோத்து, திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் ஏற்றுமதி நிறுவனத்தோடும் ஸ்வீடனின் எச் அண்ட் எம் நிறுவனத்தோடும் 2022 ஏப்ரலில் உடன்படிக்கை செய்தது. பாலியல் தொல்லையையும் சாதிப் பாகுபாட்டையும் கண்காணிக்கும் பொறுப்பு, பயிற்சி பெற்ற தொழிலாளப் பெண்களின் கையிலேயே தரப்பட்டது. தனிமனிதரை வழிபடுவதாக நாம் ஏசும் நாட்டிலிருந்து துணை வந்தது. கூடி வாழும் நம் ஊர்களிலிருந்து எத்தனை பேர் போய் நின்றோம்? ‘எனக்கு நேர்ந்தது தவறு’ என்று ஒரு பெண் சொல்ல முடிந்த இடத்தில்தான் மற்றப் பெண்கள் அவளோடு சேர முடிந்தது. தனி உரிமை அங்கே கூட்டுறவைக் குலைக்கவில்லை; அதற்கு வாசலாயிற்று.

நம் திருச்சபையின் போதனையும் இதற்கு அந்நியமன்று. தொழிலாளர் சங்கம் அமைப்பது இயற்கை உரிமை என்று 1891இலேயே திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் எழுதினார். தனிமனிதவாதம் ஒருபுறம், கூட்டுடைமைவாதம் மறுபுறம் என இரு பாறைகளையும் 1931இல் பதினோராம் பத்திநாதர் சுட்டிக்காட்டினார். நாம் முதற்பாறையைப் பற்றியே பேசுகிறோம். அதுவும் பாரீசிலும் நியூயார்க்கிலும் இருப்பதாக! சமூகம் என்றாலே புனிதம் என எண்ணுவோர், திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறையில் சாதிக்கெனச் சுவர் எழுப்பிய சமூகம் எது என்பதையும் எண்ணிப் பார்க்கட்டும். இறந்தவரைக்கூடத் தனித்தனியே பிரித்து வைத்த அச்சுவரை ஐரோப்பியர் வந்து கட்டிக் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

இவ்விதழைப் படிப்போரில் பத்து மெஷின், இருபது மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்பவர்கள் உண்டு. கம்பெனிகளில் சூப்பர்வைசர்களாக இருப்போரும் உண்டு. அவர்களிடம் என் கேள்வி பண்பாட்டைப் பற்றியதன்று. பத்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில், பாலியல் தொல்லை குறித்த முறையீட்டை விசாரிக்க உள்ளகக் குழு ஒன்று இருக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் பட்டறையில் அக்குழு இருக்கிறதா? இருக்கிறது என்றால், செக்கிங் மேசையில் நிற்கும் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள், அதில் யார் யார் உறுப்பினர் என்று.