கனலும் கணக்கும்

அணுக்கரு இணைவில் பிறக்கும் ஆல்பாத் துகள் 35 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் பாய்கிறது. பிளாஸ்மாவின் சூட்டைக் காக்க வேண்டியது அதுவே. ஆனால் 1942இல் ஆல்வேன் முன்னுரைத்த காந்த அலையின் வேகத்தோடு அதன் வேகம் ஒத்துவிட்டால், தாளம் தவறாமல் தள்ளிய ஊஞ்சல்போல் அலை பெருகும். துகள்கள் சூட்டைக் கொடுக்காமலே சுவரில் மோதி வீணாகும். பிரான்சில் இந்தியாவும் சேர்ந்து கட்டும் ஐடர் உலையில் இது எவ்வளவு நேரும்? உலை எரியுமுன் கணிப்பொறியில்தான் நிகழ்த்திப் பார்க்க வேண்டும்.

காந்திநகரில் 1989இல் இயங்கத் தொடங்கிய ஆதித்யாவைப் போன்ற டோகமாக் நம் கல்லூரிக்கு வராது, கேட்பாருமில்லை! ஆயினும் காந்தப்புலத்தில் ஒரு துகளின் பாதையைப் படிப்படியாகக் கணக்கிட ஒரு கணிப்பொறி போதும். புதுக்கோட்டையிலும் முடியும். ஆண்டுதோறும் ஊசலின் அலைவு நேரத்தையே அளக்கும் நம் செய்முறை வகுப்பில் இக்கணக்குக்கும் ஓர் இடம் தருமாறு பேராசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன்.