பிலாக்காய் அவிக்கத் தெரியாத பட்டதாரிகள்

மாணவர்களுக்கான இலகு சமையல் எண்டு இணையத்தில் தேடினால் அப்பிள் கட்டாயம் வரும். அப்பிள் பை, அப்பிள் கிரம்பிள், கறுவாத்தூள் தூவி வாட்டின அப்பிள். அதில கறுவா மட்டும்தான் எங்கட நாட்டுச் சாமான். செய்பவர்களைக் குறை சொல்லவில்லை. இங்கிலாந்தில் இலையுதிர் காலம் வந்தால் வீட்டு வளவுகளில் அப்பிள் விழுந்து கிடக்கும், அந்த ஊர் மாணவர் அதைச் சமைக்கப் பழகுவது நியாயம். எங்களுக்கு அப்பிள் என்பது ஸ்டிக்கர் ஒட்டிக் கப்பலில் வந்து, ஒவ்வொன்றாக விலை சொல்லி விற்கப்படுகிற பழம். ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகும்போது வாங்குவது. அதைச் சட்டியில் போட்டுக் கிளற எவருக்கு மனம் வரும்?

எங்களுக்குக் கொட்டிக் கிடப்பது வேறு. வைகாசி பிறந்தால் கொக்குவில், கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கம் போடிங் வளவுகளில் மாமரமும் பிலாமரமும் காய்த்துத் தொங்கும். மாங்காய்க்கு ஆள் இருக்கு. உப்பும் தூளும் தொட்டு அது எப்படியும் முடிஞ்சிடும். பிலாக்காய்தான் பாவம். வீட்டுக்கார அம்மா "தம்பியவை, ஒண்டை வெட்டி எடுங்கோவன்" எண்டு கூப்பிட்டுச் சொன்னாலும், "இல்லை அன்ரி, பரவாயில்லை" எண்டு போட்டு, கடைக்குப் போய்க் கொத்துரொட்டி வாங்குகிறோம். காய் மரத்திலேயே பழுத்து, வெடித்து, அணிலும் காகமும் தின்று, மிச்சம் நிலத்தில் இலையானுக்குப் போகிறது. அதே மாதக் கடைசியில் அதே போடிங்கில் ஒரு பிஸ்கற் பக்கற்றோடு இரவுச் சாப்பாட்டை முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டும் ஒரே வளவுக்குள் நடப்பதுதான் எனக்கு விளங்காத விஷயம்.

காரணம் கேட்டால் "பால் ஒட்டும் மச்சான்", "வெட்ட ஏலாது", "நேரமில்லை". உண்மைக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். பிலாக்காய் என்றால் இல்லாதவர்களின் சாப்பாடு என்ற எண்ணம் எங்களுக்குள் நல்லா ஊறிப்போய்க் கிடக்கு. வீட்டில் கஷ்டமான நாளில் அவித்தது, இடம்பெயர்ந்த காலத்தில் தின்றது என்று அம்மம்மாக்கள் சொன்ன கதைகளோடு சேர்த்தே அதை வைத்திருக்கிறோம். கம்பசுக்கு வந்த பிறகும் அதையே சாப்பிட வேண்டுமா என்ற கூச்சம் இருக்கு. ஆனால் இதே பிலாப்பிஞ்சை உப்புத் தண்ணீரில் போட்டுத் தகரத்தில் அடைத்து இலங்கையில் இருந்து ஏற்றுமதி செய்கிறார்கள். மேற்கு நாடுகளில் இறைச்சியை விட்டவர்கள் அதை இறைச்சிக்குப் பதிலாக வாங்கிச் சாப்பிடுகிறார்கள். கேரளம் 2018 இல் பலாப்பழத்தை மாநிலப் பழமாகவே அறிவித்தது. நாங்கள் உணவும் பண்பாடும் பற்றி ஒப்படை எழுதி, அதை அச்செடுக்கிற காசில் ஒரு சோற்றுப் பார்சல் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

சிங்களத்தில் பிலாமரத்துக்கு "பத் கஸ" என்றொரு பெயர் உண்டு. சோற்று மரம் என்று அர்த்தம். பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வி. டயஸ் என்பவர் 1915 கலவரக் காலத்தில் சிறை வைக்கப்பட்டவர். பிறகு நாடு முழுக்கப் பிலாக்கன்று நடச்சொல்லி இயக்கமே நடத்தினார். சனம் அவரை "கொஸ் மாமா" என்றே கூப்பிட்டது. 1951 இல் வந்த மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, சொந்த வளவில் நிற்கிற பிலாவைத் தறிக்கக்கூட அனுமதி எடுக்க வேண்டும். ஈரப்பலாவுக்கும் பெண் பனைக்கும் அப்படித்தான். ஒரு மரத்தைச் சட்டம் போட்டுக் காப்பாற்றுகிற நாட்டில், அதன் காயை அவிக்கத் தெரியாத ஒரு தலைமுறை பட்டம் எடுக்கிறது.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும். வரவும் வேண்டும். 2022 இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோம். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. நிறைய வீடுகளில் அந்த நாட்களில் பிலாக்காய்தான் பசியைப் போக்கியது. அதே நேரம் மேலே இருந்தவர்கள் "வீட்டுத்தோட்டம் செய்யுங்கள், உள்ளூரில் கிடைப்பதைச் சாப்பிடுங்கள்" என்று எங்களுக்கு அறிவுரை சொன்னார்கள். இருக்கிற உரத்தையும் நிறுத்திப்போட்டு, சம்பளத்தின் பெறுமதியையும் இறக்கிப்போட்டு, பிலாக்காய் தின்னச் சொன்னால் அது அறிவுரை இல்லை, நக்கல். நானும் அதைத்தான் சொல்கிறேனா?

இல்லை. மகாபொல நெடுங்காலம் மாதம் 5000 ரூபாவிலேயே நின்றது. 2025 இல்தான் 7500 ஆனது. மலையகத்தில் இருந்தோ மன்னாரில் இருந்தோ வந்து அறை வாடகை கட்டிப் படிக்கிற பிள்ளைக்கு இது எத்தனை நாளைக்குக் காணும் என்று கணக்குப் போட விசேட பட்டம் தேவையில்லை. பிலாக்காய் அவிக்கப் பழகுவது அந்தத் தொகையைக் கூட்டக் கேட்பதற்கு மாற்று இல்லை. கன்ரீன் விலை பற்றிக் கேட்கிற கேள்வியையும் விடத் தேவையில்லை. ஆனால் போராட்டத்துக்குப் போகிற பிள்ளையும் இரவைக்குச் சாப்பிட வேண்டும்தானே.

சரி, செய்கிற விதம். முற்றின காயாக, பழுக்காததாகப் பாருங்கள். முள்ளு பருத்து இடைவெளி விட்டிருக்கும், வாசம் வராது. நிலத்தில் பழைய பேப்பர் விரித்து, கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தாராளமாகப் பூசுங்கள். பால் ஒட்டும் என்ற பெரிய பயம் இந்த ஒரு மேசைக்கரண்டி எண்ணெயோடு முக்கால்வாசி போய்விடும். காயைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஊறி வருகிற பாலைப் பேப்பரால் ஒத்தி எடுத்து, பிறகு நாலாக்கி, நடுத்தண்டைச் சீவி எறிந்தால் சுளை கையோடு வரும். தனிய இருந்து செய்தால் வெறுத்துப்போகும். நாலு பேர் சுற்றி இருந்தால் ஒரு கதை முடிய முதல் வேலை முடிஞ்சிடும்.

ஆக இலகுவானது அவியல். சுளையில் கொட்டையை எடுத்து வைத்துவிட்டு, சுளையை நீட்டாகக் கீறி, உப்பும் மஞ்சளும் போட்டு, அரைவாசி உயரத்துக்குத் தண்ணீர் விட்டு ரைஸ் குக்கரில் போடுங்கள். விரலால் அமத்த மசியும் பதம் வந்ததும் துருவின தேங்காய்ப்பூவைப் பிரட்டி இறக்குங்கள். செத்தல் மிளகாய், வெங்காயம், உப்பு, தேசிக்காய் சேர்த்து இடித்த சம்பல் பக்கத்தில் இருந்தால் போதும், சோறே தேவையில்லை. அரைக் காயில் ஐந்தாறு பேர் வயிறு நிறையச் சாப்பிடலாம்.

கறி வேண்டும் என்றால் வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம், ஊரில் இருந்து அம்மா அனுப்பின தூள். முதலில் தண்ணிப் பாலில் அவிய விட்டு, கடைசியில் கட்டிப்பால். தேங்காய் திருவ வசதி இல்லாவிட்டால் பால்மா மாதிரி வருகிற தேங்காய்ப்பால் தூள் பரவாயில்லை, ருசி ஒரு படி குறையும். பிலாப்பிஞ்சுக் கறி பற்றிச் சிங்கள நண்பர்கள் "பொலஸ்" என்று உருகுவார்கள். நல்லதுதான், ஆனால் அது அடுப்பில் மணிக்கணக்காகக் கிடக்க வேண்டிய சாமான். பரீட்சைக் காலத்துக்குச் சரிவராது.

கொட்டையை எறியாதீர்கள். எனக்கென்றால் முழுப் பிலாவிலும் உருப்படியான பகுதி அதுதான். கழுவி நிழலில் உலர்த்தினால் பல நாளைக்குக் கிடக்கும். அந்தக் காலத்தில் மணலுக்குள் புதைத்து மாரிக்கு வைத்திருந்தார்கள். உப்புப் போட்டு அவித்து வெள்ளைத் தோலை உரித்தால் பின்னேரத் தேத்தண்ணியோடு கடிக்கலாம். முருங்கைக்காயோடு சேர்த்துக் கறி வைக்கலாம். பச்சையாக மட்டும் சாப்பிட வேண்டாம். காய் பழுத்துப்போனால் வருக்கனைச் சும்மா தின்னலாம். கூழனைக் கையால் மசித்து, கோதுமை மாவும் ஒரு முட்டையும் கலந்து தோசைபோலச் சுட்டால், அந்த அப்பிள் வீடியோக்காரரும் திரும்பிப் பார்ப்பார்.

இதையெல்லாம் யார் செய்வது என்ற கேள்வியும் இருக்கு. பெண்பிள்ளைகளின் போடிங்குகளில் முறை வைத்துச் சமைக்கிறார்கள். ஆண்கள் இருக்கிற இடத்தில் கேஸ் குக்கரும் சட்டியும் முதல் வருடத்தில் வாங்கி, இரண்டாம் வருடத்தில் சிகரெட் சாம்பல் தட்டுகிற இடமாக மாறியிருக்கும். பிறகு கலப்புப் பிரிவில் ஏதும் விழா என்றால் "சமையல் கேர்ள்ஸ் பாக்கட்டும்" என்று ஒரு வசனம் வரும். பால் ஒட்டும் என்ற சாட்டுக்குப் பின்னால் இதுவும் ஒளிஞ்சிருக்கு. அம்மா வெட்டி, அம்மா அவித்து, தட்டில் வரும்போது மட்டும் பிலாக்காய் பிடிக்கும்.

விடுதியில் இருப்பவர்களுக்குப் பிரச்சினை வேறு. அறையில் சமைத்தால் குற்றம். நெருப்புப் பயம் நியாயமானது, பழைய வயரிங் உள்ள கட்டடத்தில் ஆளுக்கொரு ஹீற்றர் செருகினால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியென்றால் ஒரு மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை தாருங்கள். ஒரு தண்ணீர்க் குழாய், இரண்டு அடுப்பு, ஒரு சீமெந்து மேடை. மாணவர் ஒன்றியங்கள் கொடுக்கிற கோரிக்கைப் பட்டியலில் வைஃபை இருக்கு, கன்ரீன் இருக்கு, இது இல்லை. அடுத்த பட்டியலில் சேர்க்கலாம். செலவு பெரிதில்லை என்பதால் "நிதி இல்லை" என்று தட்டிக்கழிப்பதும் கஷ்டம்.

வெட்டி முடிந்ததும் கத்தியை உடனே சவர்க்காரத்தில் போடாதீர்கள், பால் இன்னும் இறுகும். எண்ணெய் தொட்ட பேப்பரால் துடைத்து, பிறகு கழுவி, வீட்டுக்கார அம்மாவிடம் கொடுங்கள். அவித்ததிலும் ஒரு கோப்பை கொண்டுபோங்கள்.