கீழே பார்த்து நடங்க!

ரோம் நகரத்துக்குப் போய் வந்தவர்களின் போட்டோக்களைப் பாருங்கள். எல்லாரும் அண்ணாந்தபடி நிற்பார்கள். கோபுரம், சிலை, ஓவியம் என்று அங்கே எல்லாமே தலைக்கு மேலேதான். போன ஜூன் கடைசியில் அம்மாவை அழைத்துக்கொண்டு போன நாங்கள் மட்டும் குனிந்த தலை நிமிராமல் ஊரைச் சுற்றினோம். காரணம், அம்மாவின் முழங்கால்.

அம்மாவுக்கு 71 வயது. ஒண்ணாம் வகுப்பு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். புடவைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ போட மாட்டேன் என்று விமான நிலையம் வரை அடம்பிடித்தவர், ரோமில் முதல் தெருவில் கால் வைத்ததும் சமாதானமாகிவிட்டார். அங்கே பழைய தெருக்கள் பலவற்றில் உள்ளங்கை அளவுக் கருங்கற்களை நெருக்கமாகப் பதித்திருக்கிறார்கள். சாம்பியெத்ரீனி என்று பெயர். எரிமலைப் பாறையில் வெட்டியது. பார்க்க அழகுதான். ஆனால் ஒரு கல் தூக்கியிருக்கும், அடுத்தது இறங்கியிருக்கும். ஹீல்ஸ் போட்டு நடந்தவர்களைப் பார்த்தபோது எனக்குக் கணுக்கால் வலித்தது.

ஒரே நாளில் பத்து இடம் என்று நான் எழுதி வைத்திருந்த லிஸ்ட்டை முதல் மணி நேரத்திலேயே மடித்துப் பையில் போட்டேன். பாந்தியன் கோயிலிலிருந்து பழைய யூதர் குடியிருப்பு வரை மட்டும் நடப்போம் என்று முடிவு. சுமார் ஒரு கிலோமீட்டர். அதற்கே எங்களுக்கு ஒரு காலைப் பொழுது முழுக்க வேண்டியிருந்தது.

35 டிகிரி வெயில். காப்பாற்றியது தெருக்குழாய். ரோமில் 1874 முதல் இருக்கும் வார்ப்பிரும்புக் குழாய்கள் இவை. வளைந்த மூக்கு மாதிரி இருப்பதால் ‘நசோனே’, அதாவது ‘பெரிய மூக்கு’ என்று செல்லப் பெயர். ஊர் முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. ஜில்லென்று குடிநீர் கொட்டிக்கொண்டே இருக்கும், காசு கிடையாது. குழாய் வாயை விரலால் அடைத்தால், மேலே இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும். அப்படியே வாயை வைத்துக் குடிக்கலாம். அம்மா முதல் முயற்சியில் என் கணவரின் சட்டையை நனைத்தார். இரண்டாவது முயற்சியிலும்தான். அது தெரியாமல் நடந்ததா என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

பாந்தியனுக்குள் நுழைந்தவுடன் எல்லாரும் மேலே பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். ஏறக்குறைய 1,900 வருடத்துக்கு முன்னால், கம்பியே இல்லாமல் கான்கிரீட்டில் கட்டிய 43 மீட்டர் அகலக் குவிமாடம். நடு உச்சியில் ஒன்பது மீட்டர் அகலத்துக்கு வட்டமாகத் திறந்த வெளி. கண்ணாடி கூடக் கிடையாது. மழை பெய்தால் உள்ளேதான் பெய்யும்.

“நம்ம ஊர் முற்றம் மாதிரி இருக்கு. சரி, தண்ணி எங்க போகும்?” என்றார் அம்மா. மறுபடி தரையைப் பார்த்தோம். நடுவில் லேசான மேடு, பளிங்கில் சின்னச் சின்ன ஓட்டைகள். மொத்தம் 22 என்று பிறகு படித்தேன். அம்மா ஏழோடு நிறுத்திக்கொண்டார்.

அங்கிருந்து ஜூலியஸ் சீசரைக் குத்திக் கொன்ற இடம் பக்கம். இப்போது பள்ளத்தில் இடிந்த தூண்கள், அவற்றின் நிழலில் பூனைகள். கொஞ்சம் நடந்தால் ஆமைகள் ஏறும் நீரூற்று ஒன்று. அதன் திண்டில் அம்மா முழங்காலைத் தேய்த்தபடி கால் மணி நேரம் உட்கார்ந்தார். அதை ஒட்டித்தான் ‘வியா தெல்லா ரெஜினெல்லா’ என்கிற குறுகலான தெரு தொடங்குகிறது.

நாலு எட்டு வைத்த அம்மா சட்டென்று காலை எடுத்துக்கொண்டார். “எழுத்து மேல மிதிச்சுட்டேன்டி” என்று குனிந்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கருங்கற்களுக்கு நடுவே பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் பித்தளை முகம் வைத்த கற்கள், பக்கத்தில் பக்கத்தில். ‘தடுக்குக் கல்’ என்று பொருள்படும் பெயரில், குன்டர் டெம்னிக் என்கிற ஜெர்மானியக் கலைஞர் தொடங்கி, ஐரோப்பா முழுவதும் பதித்துவரும் கற்கள் அவை. நாஜிகள் பிடித்துக்கொண்டு போனவர்கள் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டு வாசலில்தான் பதிப்பார்கள்.

அம்மா கேட்கக் கேட்க, போனில் மொழிபெயர்த்துப் படித்தேன். ‘இங்கே வாழ்ந்தவர்’ என்று ஆரம்பித்துப் பெயர், பிறந்த வருடம், கைதான தேதி. தேதி மட்டும் கல்லுக்குக் கல் மாறவில்லை. 16.10.1943. ஒரு சனிக்கிழமை விடியலில் ஜெர்மன் படை இந்தத் தெருக்களைச் சுற்றி வளைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சரக்கு ரயிலில் ஏற்றி ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பியது. உயிரோடு திரும்பியவர்கள் 16 பேர். அதில் பெண் ஒருவர்தான், செத்திமியா ஸ்பித்ஸிக்கினோ. இதே தெருக்காரர். அவரோடு பிடிபட்ட அம்மா, இரண்டு சகோதரிகள், சகோதரியின் கைக்குழந்தை யாரும் திரும்பவில்லை. ரோமில் ஒரு பாலத்துக்கு 2012-ல் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

அந்த ரயிலில் ஏற்றப்பட்டவர்களில் குழந்தைகள் 200-க்கும் மேல். ஒரு கல்லில் வயதைக் கழித்துப் பார்க்க ஒரு கை விரல்களே அதிகம். அம்மா கழித்துப் பார்த்தார். “ஸ்கூல்ல சேர்க்கிற வயசு கூட வரலையே” என்று மட்டும் சொன்னார். முழங்கால் வலிக்காரர் எப்படித் தரையில் உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. முந்தானை நுனியால் அந்தக் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். போகிறவர்கள் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். எழுப்பிவிட எங்கள் இருவரோடு, அந்த வழியே சைக்கிள் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண்ணும் கை கொடுக்க வேண்டியிருந்தது.

அதற்கு மேல் நடக்கவில்லை. டாக்சி பிடித்து அறைக்கு வந்து, ஐஸ் ஒத்தடம் கொடுத்து, பெட்டியிலிருந்து புளிக்காய்ச்சலை எடுத்துச் சாதம் பிசைந்தேன். சாப்பிட்டுக்கொண்டே அம்மா கேட்டார்: “சில கல்லு பளபளன்னு இருந்துதே, சிலது கறுத்துக் கிடந்துது. யாரு தேய்க்கிறா?”

சொந்தக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், அந்தத் தெருவில் விருப்பப்பட்டவர்கள் என்றேன்.

“நாளைக்கும் அந்தப் பக்கமே போலாம். பித்தளைதானே, ஒரு உருண்டை புளி போதும்” என்றார்.