படுத்திருத்தல் மட்டுமே ஓய்வாகாது

நுரையீரல் அறுவை சிகிச்சைக்குப் பின் என் அண்ணனை நாங்கள் கவனித்துக்கொண்ட விதத்தில் ஒரு பெரும் பிழை நேர்ந்தது. அது அன்பினால் விளைந்த பிழை. அதே அன்போடு இன்று மருத்துவமனையில் உடனிருக்கும் குடும்பத்தினர் பலர் அப்பிழையைச் செய்யக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்கு அருகில் உள்ளது. அறுபது வயதைக் கடந்த அண்ணனுக்கு வலது நுரையீரலின் மேல் மடலில் கட்டி இருந்தது. வலது நுரையீரலில் மூன்று மடல்கள் உண்டு. அவற்றுள் ஒன்றை அகற்றினார்கள். அறுவை நல்லபடியாக முடிந்தது என்று மருத்துவர் சொன்னதும் அண்ணி கைகூப்பி அழுதார். ஆபத்து நீங்கிவிட்டது என்றே எல்லாரும் நினைத்தோம்.

வார்டுக்கு வந்த பிறகு அவர் இருமும்போதெல்லாம், “இருமாதீர்கள் அண்ணா, தையல் பிரிந்துவிடும்” என்று தடுத்தேன். பிசியோதெரபிஸ்ட் வந்து நடக்க அழைத்தபோது, “இன்று வலி அதிகமாக இருக்கிறது, நாளை பார்க்கலாம்” என்று அண்ணி திருப்பி அனுப்பினார். மூன்று பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி அலமாரியின் மேல் கிடந்தது. நான்காம் நாள் காய்ச்சல் கண்டது. நுரையீரலில் சளி தேங்கி நிமோனியா வந்திருந்தது. அண்ணன் பிழைத்தார், ஆனால் மேலும் பத்து நாள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது.

இதன் காரணத்தைப் பின்னரே புரிந்துகொண்டோம். மார்பில் அறுவை செய்தவருக்கு ஆழ்ந்து மூச்சிழுத்தால் வலிக்கும். வலிக்கு அஞ்சி அவர் மேலோட்டமாக மூச்சு விடுவார். அப்போது நுரையீரலின் அடிப்பகுதியில் உள்ள காற்றறைகள் சுருங்கிவிடும். இருமி வெளியேற்றாத சளி அங்கே தங்கும். தங்கிய சளியில் கிருமி பெருகும். இருமலை நாங்கள் எதிரியாகக் கருதினோம். அதுதான் அவருடைய நுரையீரலைத் துப்புரவாக வைத்திருக்கும் காவல். ஒரு தலையணையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமினால் தையலுக்கு ஊறு நேராது, வலியும் குறையும். இதைச் செவிலியர் முதல் நாளே சொல்லியிருந்தார். எங்கள் செவியில்தான் ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை? மார்பு நோய் என்றால் படுக்கை என்னும் எண்ணம் நம் ஊர்களில் ஆழ வேரூன்றியிருக்கிறது. அதற்கு ஒரு வரலாறும் உண்டு. காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் ஓய்வே சிகிச்சையாக இருந்தது. 1928இல் தாம்பரத்தில் தொடங்கப்பட்டது போன்ற சானடோரியங்களில் நோயாளிகள் மாதக்கணக்கில் படுத்திருந்தார்கள். நுரையீரலுக்கே ஓய்வு தருவதாகக் கருதி, மார்புக்குள் காற்றைச் செலுத்தி அதைச் சுருங்கச் செய்தார்கள். சிலருக்கு விலா எலும்புகளையே அகற்றினார்கள். அன்றைய மார்பு அறுவையின் பெரும்பகுதி இதுவே.

இந்த நம்பிக்கையை உலகளவில் அசைத்த ஆய்வு நம் சென்னையில்தான் நடந்தது. 1956இல் அங்குத் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், ஒரே மருந்துகளை ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றொரு பிரிவினருக்கு அவரவர் வீட்டிலும் கொடுத்து ஒப்பிட்டது. வீட்டில் இருந்தவர்களுக்கு உணவும் குறைவு, ஓய்வும் குறைவு. ஆயினும் அவர்கள் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். 1959இல் வெளியான இம்முடிவு, நீண்ட படுக்கை ஓய்வின் காலத்தை முடிவுக்குக் கொண்டுவர உதவியது. இது அறுவை சிகிச்சை பற்றிய ஆய்வு இல்லை என்பது உண்மையே. ஆனால் மருத்துவம் அறுபது ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட படுக்கையை நாம் இன்னும் வீட்டில் விரித்து வைத்திருக்கிறோம் என்பதை அது காட்டுகிறது.

எல்லாச் சிக்கலுக்கும் குடும்பத்தின் கவனக்குறைவே காரணம் என்று நான் சொல்லவில்லை. வெட்டிய இடத்திலிருந்து காற்றுக் கசிவது நுரையீரல் அறுவையில் அடிக்கடி நேர்வதாகும். மார்பிலிருந்து வரும் குழாய் இணைந்த பாட்டிலில் நீர்க்குமிழிகள் தோன்றுவது அதனால்தான். பலருக்குச் சில நாள்களில் அது தானே அடங்கும்; ஐந்து நாளுக்கு மேல் நீடித்தால் குழாயும் நீடிக்கும். முதல் சில நாள்களில் இதயத் துடிப்பு ஒழுங்கு தப்புவதும் உண்டு. எல்லாம் சரியாகச் செய்தவருக்கும் இவை வரலாம். வயது, புகைப்பழக்கம், ஏற்கெனவே பழுதுற்ற நுரையீரல் ஆகியவை இவற்றுக்கான வாய்ப்பைக் கூட்டும். ஆகவே சிக்கல் வந்தவுடன் மருத்துவரையோ தம்மையோ குற்றம் சாட்டுவது முறையாகாது. நம் கையில் உள்ளதை நாம் செய்தோமா என்பதே கேள்வி.

நம் கையில் இருப்பவை எளியவை. அறுவைக்கு நாள் குறித்ததும் புகைப்பதை நிறுத்துதல். வலியைப் பொறுத்துக்கொள்ளாமல் செவிலியரிடம் சொல்லுதல். மூச்சுக் கருவியைச் சொன்ன முறைப்படி பயன்படுத்துதல். மருத்துவர் அனுமதித்த நாளிலேயே எழுந்து நடத்தல். வலி மருந்து வாங்குவது கோழைத்தனம் என்று அண்ணன் எண்ணினார். வலி அடங்கினால்தான் ஆழ்ந்து மூச்சிழுக்க முடியும். குழாய் இருந்தாலும் நடக்கலாம். பாட்டில் மார்பு மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். குழாயை நாமாக அடைக்கவோ மடக்கவோ கூடாது.

வீட்டுக்கு வந்தவுடன் எல்லாம் முடிந்ததாகவும் கருதக் கூடாது. நுரையீரல் புற்றுநோய் அறுவைக்குப் பின் 30 நாள்வரை நேரும் இறப்புகளைக் காட்டிலும் 90 நாள்வரை நேரும் இறப்புகள் ஏறத்தாழ இருமடங்கு என்று பெரிய ஆய்வுகள் சில காட்டியுள்ளன. காய்ச்சல், மூச்சுத்திணறல், புண்ணில் சீழ், கெண்டைக்காலில் வீக்கம், இருமும்போது திடீரெனப் பெருமளவில் நீர்த்த சளி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு வர வேண்டும்.

அறுவைக்கு முன் நாங்கள் மருத்துவரிடம் கேட்டது ஒரே கேள்வி: “உயிருக்கு ஆபத்து இல்லையே?” இன்று கேட்பதாக இருந்தால் மேலும் மூன்று கேட்பேன். இவருடைய உடல்நிலைக்கு எந்தச் சிக்கல் வரக்கூடும்? வலியை எவ்வாறு கட்டுப்படுத்துவீர்கள்? மூன்று மாதம் கழித்து இவரால் என்னென்ன செய்ய இயலும்? மூன்றாவது கேள்வியை நோயாளியே கேட்பது இன்னும் நல்லது. ஏனெனில் அந்த மூன்று மாதமும் மூச்சிழுக்கப் போகிறவர் அவர்தான்.

இப்போது அண்ணன் ஒவ்வொரு மாலையும் மணிக்கூண்டுவரை நடந்து திரும்புகிறார். வழியில் இருமல் வந்தால் நின்று, மார்பில் கைவைத்து, நன்றாக இருமுகிறார். நான் தடுப்பதில்லை.