வன்தட்டின் மேற் பழி

எங்கள் வீட்டு மேசைக்கடியிற் பழைய கணினியொன்று இரவு பகலாக இயங்குகின்றது. குடும்பப் படங்களைக் காக்கும் சேமிப்புச் சேவையகம் அது. 1990ஆம் ஆண்டு இடப்பெயர்விலே மூலப்படங்கள் யாவும் தொலைந்தன. வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பிரதிகளே எஞ்சியுள்ளன.

அண்மையில் அதன் இரு வன்தட்டுகளுள் ஒன்று மறைந்து மறைந்து தோன்றலாயிற்று. “தட்டுப் பழுது, மாஸ்டர், புதிது வாங்குங்கள்” என்றார் திருத்துநர். நான் அவசரப்படவில்லை. வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும்; அதனை ‘ஸ்மார்ட்’ என்பர். பழுதுற்றதால் மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை ஏறினால் நோய் தட்டிலே. ‘சிஆர்சி’ வழுக்கள் மாத்திரம் ஏறினாற் பெரும்பாலும் குற்றவாளி வடமே. எமது தட்டில் முன்னது சுழியம். பின்னது நூற்றுக்கு மேல். கீரிக் கடற்காற்றின் உப்பை நான் மறந்திருந்தேன்! புதிய வடம் மாட்டினோம். ஏறிய எண் இறங்காது. மேலும் ஏறாதிருந்தாற் போதும். ஏறவில்லை.

இடம் போதாமையால் தட்டுகளையும் பெருப்பித்தோம். இரண்டும் ஒன்றன் பிரதியாய் மற்றொன்று இருப்பவை. 2 டெராபைட்டுடன் 4 டெராபைட்டைப் பூட்டினாலும் பயன்படுவது 2 தான். ஆகவே இரண்டையும் மாற்றவேண்டும். ஆனால் முதலாவதிற் படியெடுப்பு முடியுமுன் மற்றதைத் தொடலாகாது.

எனினும் இரட்டைத் தட்டு காப்புப்பிரதியன்று. கைதவறி அழித்தால் இரண்டிலும் அழியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் சாம்பராயின. மூன்றாம் பிரதியொன்றை வவுனியாவிலுள்ள தங்கை வீட்டு அலுமாரியில் வைத்திருக்கிறேன்.